சுதந்திர தினத்தில் கடித்த தோட்டா

முதலில் காகிதத்தின் சவசவப்பு. அடுத்து உப்பும் கந்தகமும் கலந்த வெடிமருந்தின் கரிப்பு. கடைசியாக, நாக்கின் ஓரத்தில் மெதுவாக வழுக்கிக்கொண்டு வந்த கொழுப்பு.

நான் துப்பவில்லை. சுற்றிலும் ஜெர்மன்காரர்கள் கூட்டமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே மூவர்ணக் கொடி. தேதி ஆகஸ்ட் பதினைந்து. கையில் நீளமான பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். சிரித்த பல்லெல்லாம் கரி.

இப்போதும் ஆகஸ்ட் மாதம் எங்காவது கொடியேற்றி மிட்டாய் கொடுத்தால், வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். வாயில் போடுவதில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால் சர்க்கரை நோய் என்று சொல்லிவிடுவேன். பாருங்கள், இந்த வயதிலும் பழைய புத்தி போகவில்லை. அது என்ன புத்தி என்று கீழே வருகிறது.

மேகத்தைச் சுட்டவன்

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். திருநெல்வேலியில் முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத சைவப் பிள்ளைமார் வீடு எங்களுடையது. கல்லூரியில் என்.சி.சி. கேம்பில் ஒரே ஒரு தடவை சுட்டேன். குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. "இலக்கைச் சுடச் சொன்னா மேகத்தைச் சுடுதான் பாரு" என்று ஹவில்தார் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட வீரனான நான் எழுபதுகளில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி இன்ஜினீயராக இருந்தேன். எங்கள் பட்டறைக்கு ஃபோர்மேன் ஹெர் மெர்க்லே (அங்கே ஹெர் என்றால் திரு, ஃபிராவ் என்றால் திருமதி). ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டைக் குரல், தடித்த விரல்கள். உலோகத்தில் ஒரு தலைமுடி கனம் கூடிவிட்டால் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

அவர் ஊரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு துப்பாக்கிச் சங்கம் இருந்தது. நவீனத் துப்பாக்கி இல்லை. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடும் நூறு வருஷப் பழசு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு அது. ஆனால் சட்டதிட்டம் கோயில் கருவறையைவிடக் கடுமை. அந்தக் காலத்தில் எப்படியோ அப்படியேதான் எல்லாம். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் சுடுகிற இடத்துக்கு வர வேண்டும். ஜிப் வைத்த சட்டை கூடாது, பொத்தான்தான்.

"ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக என்ன செய்கிறீர்கள்? வாருங்கள்," என்று ஒருநாள் கூப்பிட்டார். போனேன். முதல் வேட்டு வெடித்ததும் வெள்ளைப் புகை எழுந்து அதிர்வேட்டு வாடை அடித்தது. நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் மூக்குக்குள் வந்துவிட்டது. அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

வயிற்று வலி

சங்கத்தில் எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். ஒரே சிக்கல், சாப்பாடு. சுட்டு முடித்ததும் நீள மேசையில் உட்காருவார்கள். பன்றித் தொடையும் ஈரல் உருண்டையும் ஆவி பறக்க வரும்.

நான் சைவம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவ்வளவு ஆசையாக நீட்டுகிறவரிடம் "உங்கள் சாப்பாடு எனக்கு ஆகாது" என்றால் மனசு புண்படாதா? அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அதனால் வயிற்றைத் தடவிக்கொண்டு, "வயிறு சரியில்லை," என்றேன்.

அடுத்த வாரமும் சரியில்லை. அதற்கடுத்த வாரமும் சரியில்லை. ஹெர் மெர்க்லேயின் மனைவி ஃபிராவ் மெர்க்லே நல்ல மனுஷி. எனக்கென்று தனியாகச் சாமந்திப்பூ டீ போட்டுக் கொண்டுவர ஆரம்பித்தார். வருஷக் கணக்கில் அந்தக் கஷாயத்தைக் குடித்தேன். இத்தனைக்கும் என் வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

இந்தியாவில் புலி வேட்டை ஆடியிருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். அதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. அசடு வழியச் சிரித்து வைத்தேன். பெரிய வேட்டைக்காரன், தன்னடக்கமானவன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாதிக் கதை

அந்த வருஷம் கோடைத் தொடக்கத்தில் ஹெர் மெர்க்லே ஹாம்பர்க் போய் ஒரு துப்பாக்கி வாங்கி வந்தார். இங்கிலீஷ்காரன் செய்தது. இரும்பில் கிரீடம் பொறித்திருந்தது. "இது உங்கள் நாட்டில் புழங்கின ரகம் என்று விற்றவர் சொன்னார். உண்மையா?" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சிப்பாய்ப் புரட்சி! எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கம்பெனி ராணுவம் இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தத் துப்பாக்கியைக் கொடுத்தது. இதற்குக் காகிதத் தோட்டா. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். குண்டு வழுக்கிப் போவதற்காகத் தோட்டாவில் கொழுப்புத் தடவியிருந்தார்கள்.

"என்ன கொழுப்பு?" என்றார் ஹெர் மெர்க்லே. அவருக்கு விவரம் முக்கியம்.

"மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும்," என்றேன்.

சொல்லி முடிக்கவும் ஃபிராவ் மெர்க்லே பன்றித் தொடையைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைக்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் கத்தியை எடுத்தார்கள். மாடு இந்துவுக்கு ஆகாது, பன்றி முஸ்லிமுக்கு ஆகாது, அதனால்தான் கடிக்க மாட்டோம் என்றார்கள், உயிரே போனாலும் மாட்டோம் என்றார்கள் என்று நான் அடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பார்த்தேன். இவர்கள் வாயில் வைக்கும்போது அதை எப்படிச் சொல்வது? நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"அந்தத் தோட்டாவிலிருந்துதான் எங்கள் விடுதலைப் போர் ஆரம்பித்தது," என்று கதையைச் சட்டென்று முடித்துவிட்டேன்.

ஹெர் மெர்க்லே எழுந்து நின்று குவளையைத் தூக்கினார். "அந்தத் தோட்டாவுக்கு!" என்றார். எல்லாரும் குடித்தார்கள். நான் சாமந்திப்பூ டீயைத் தூக்கினேன்.

(நம்ம மதராஸ் பட்டாளம் அந்தப் போரில் கம்பெனி பக்கமே நின்றது என்பது தனிக் கதை. அதையும் நான் அங்கே மூச்சு விடவில்லை.)

கிளம்பும்போது உங்கள் சுதந்திர தினம் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. நாம் கொண்டாடுவோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்," என்று என் தோளில் தட்டினார்.

ஆணியில் தொங்கிய சட்டி

அப்போது நானும் மீரானும் ஸ்டுட்கார்ட்டில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். காயல்பட்டினத்துக்காரன். பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி. வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அவன் ஆட்டிறைச்சி சமைப்பான். நான் வருவதற்கு முன்பே எனக்கென்று தனியாகப் புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி, தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை. "அது சங்கரன் சட்டி. அதுல எவன் கை வச்சாலும் கைய ஒடிச்சிருவேன்," என்று வருகிற நண்பர்களிடமெல்லாம் சொல்வான்.

அவன் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, "நான் பன்றி சாப்பிடமாட்டேன், குடிக்கமாட்டேன்," என்று நேராகச் சொல்லிவிட்டவன். அவர்களும் "அப்படியா, முட்டை ஆகுமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்களாம். இதை அவன் சொன்னபோது, இவனுக்குக் கொஞ்சமும் நாசூக்குத் தெரியவில்லையே என்று நான் நினைத்தேன்.

சுதந்திர தினத்துக்கு ஒரு இந்தியன் போதாது என்று அவனையும் கூப்பிட்டேன். "துப்பாக்கி எல்லாம் எனக்கு வராதுடே," என்றான். "சும்மா வந்து நில்லு. ரொம்ப ஆசையாச் செய்யுதாங்க," என்றேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான்.

கொடியின் கீழே

போய்ச் சேர்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுடுமிடத்தில் கொடிக்கம்பம். அதில் ஃபிராவ் மெர்க்லே தன் கையால் தைத்த நம் கொடி. நடுவில் நீல நூலால் சக்கரம். ஆரங்களை எண்ணினேன், சரியாக இருந்தது.

எதிரே இலக்காக ஒரு வட்ட மரப்பலகை. விசேஷ நாட்களில் அவர்கள் பலகையில் படம் வரைந்து அதன் மேலேயே சுடுவார்கள். நடுவுக்கு மிக அருகில் சுட்டவர் பெயரைக் கீழே எழுதிச் சங்கச் சுவரில் காலத்துக்கும் மாட்டிவைப்பார்கள். அன்றைய பலகையில் ஹெர் மெர்க்லே ஒரு இந்தியச் சிப்பாயை வரைந்திருந்தார். சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, முறுக்கு மீசை. சிப்பாய் கம்பீரமாக ஒரு தோட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தார். தோட்டாதான் இலக்கின் மையம்.

அப்போதே எனக்கு அடிவயிறு கலங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே.

வெல்வெட் விரித்த சுருட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகக் காகிதத் தோட்டாக்கள். வாரக் கணக்கில் சாயங்காலங்களில் உட்கார்ந்து சுருட்டினாராம். "கொழுப்பு என் தம்பியின் இறைச்சிக் கடையிலிருந்து. மாடும் பன்றியும் சரிபாதி. என் மனைவி அடுப்பில் உருக்கி வடிகட்டினாள். நீங்கள் சொன்னது போலவே. கத்தி கூடாது, கை கூடாது. பல்தான்!" முகமெல்லாம் பூரிப்பு.

கொழுப்பு தடவியிருந்தது குண்டு இருக்கும் முனையில். கடிக்க வேண்டியது மருந்து இருக்கும் மறுமுனை. நாக்கில் படாமல் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஆகஸ்ட் வெயில். கொழுப்பு உருகிக் காகிதம் முழுக்க ஊறி மினுமினுத்தது.

முதல் வேட்டு என்னுடையது. ஹெர் மெர்க்லே நிமிர்ந்து நின்று உரத்த குரலில் கட்டளை சொன்னார். நான் கடித்தேன். மருந்தைக் கொட்டினேன், குண்டை இடித்தேன், சுட்டேன். புகை விலகியதும் ஒரே ஆரவாரம். ஆயுசில் முதல் தடவையாக என் குண்டு மையத்தில் பட்டிருந்தது.

அடுத்து விருந்தாளியின் முறை. மீரான் தோட்டாவை வாங்கினான். விரலில் பிசுபிசுத்ததை முகர்ந்து பார்த்தான்.

"இது என்ன கொழுப்புடே?" என்று தமிழில் கேட்டான்.

"அதான்... அந்தக் காலத்துல போட்டதுதான்," என்றேன்.

"பன்னியா?"

"சத்தம் போடாத. எல்லாரும் பாக்காங்க. லேசா கடிச்சுட்டு அந்தப் பக்கம் துப்பிரு. வாயக் கொப்புளிச்சுக்கலாம். பாவம், எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க. ஒரு மரியாதைக்குடே."

மீரான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ முன்பின் தெரியாதவனைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"சங்கரா, இன்னிக்கு என்ன நாளுன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?" என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னை யாராக நிற்க வைத்தீர்கள்?"

மீரான் தோட்டாவைப் பெட்டியில் பத்திரமாகத் திரும்ப வைத்தான். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டான். தெளிவான ஜெர்மனில், குரலை உயர்த்தாமல் பேசினான்.

"ஹெர் மெர்க்லே, மன்னியுங்கள். இதை நான் வாயில் வைக்க முடியாது. பன்றிக் கொழுப்பு என் மதத்துக்கு ஆகாது. மாட்டுக் கொழுப்பு சங்கரனுக்கு ஆகாது. சங்கரன் எந்த இறைச்சியையும் தொடமாட்டார். அந்தச் சிப்பாய்கள் கடிக்க மறுத்தார்கள். மறுத்ததில் தொடங்கியதுதான் அந்தப் போர்."

ஹெர் மெர்க்லே முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைப் பார்த்தார், பலகையில் கடித்துக்கொண்டிருந்த சிப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆனால் நீங்கள் இப்போதுதானே கடித்தீர்கள்?"

"மரியாதைக்காக..." என்றேன்.

"மரியாதையா? என்னை யாராக நிற்க வைத்தீர்கள் என்று தெரிகிறதா? கடி என்று கட்டளையிட்ட அந்த இங்கிலீஷ் அதிகாரியாக நிற்க வைத்துவிட்டீர்கள். உங்கள் சுதந்திர தினத்தில்! என் கையால்!" அவர் குரல் உடைந்தது. அப்புறம் தணிந்து சொன்னார்: "மனசுக்கு ஒவ்வாததை, சொன்னார்களே என்று செய்தவர்களை எனக்குத் தெரியும். போன உலகப் போரில் நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். அந்த மாதிரி மரியாதை எனக்கு வேண்டாம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய், வாளித் தண்ணீரில் கவிழ்த்தார். வாரக் கணக்கில் உட்கார்ந்து சுருட்டிய தோட்டாக்கள் தண்ணீரில் கரைந்து கறுத்தன. அன்று வேறு யாரும் சுடவில்லை.

ஃபிராவ் மெர்க்லே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் மூலையில் போய் வாயைக் கொப்புளித்தேன். திரும்பினால் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி மீரான்.

"அப்படியானால், உங்கள் வயிறு?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷமா?" என்றார். திட்டவில்லை. அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் நின்றது. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மானம் போவது என்றால் என்ன என்று அந்தப் புல்வெளியில் எனக்குத் தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று நின்றேன்.

ரயிலில் மீரான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

பேசாத வீடு

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த வீட்டில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். சண்டை இல்லை. "பால் வாங்கியாச்சு", "சாவி ஜன்னல்ல இருக்கு", அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் ஓயாமல் என்னைக் கேலி செய்வான். என் மூக்கு, என் பாட்டு, என் ரசம் எதையும் விடமாட்டான். அது அடியோடு நின்றுபோனது.

சட்டி மட்டும் ஆணியில் அப்படியே தொங்கியது. அவன் ஆட்டிறைச்சி சமைத்த நாட்களில் அதைக் கழற்றித் தள்ளி வைத்து, முடித்ததும் திரும்ப மாட்டுவான். என்மேல் அத்தனை வெறுப்பு இருந்த நாட்களிலும் ஒருநாள்கூட அந்தச் சட்டியில் கறிக்கரண்டி படவில்லை. நான்தான் அவனை ஒரு மரியாதைக்குக் கடி என்று சொன்னவன். அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போவேன். பலநாள் ரொட்டியும் ஜாமும் தின்று படுத்தேன்.

மன்னிப்புக் கேட்காமலா இருந்தேன்? கேட்டேன். "சரி, விடு" என்றான். அந்த "சரி, விடு" மூன்று நாள் அடைமழை மாதிரி சில்லிட்டது.

மறு வருஷம்

அடுத்த ஆகஸ்டில் ஹெர் மெர்க்லேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைத் தாண்டி மீரானிடம் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மீரான் ஒத்துக்கொண்டான்.

போனோம். தோட்டாக்கள் புதியவை, தேன்மெழுகு தடவியவை. நான் அசந்துபோனது வேறொன்றைப் பார்த்து. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கத்தரிக்கோல் கயிற்றில் தொங்கியது. தையல் கத்தரி, நகக் கத்தரி, தோட்டக் கத்தரிகூட. கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புகிற ஹெர் மெர்க்லே, தானே தன் மனைவியின் கத்தரியை எடுத்துத் தோட்டாவின் முனையை வெட்டினார். "இங்கே இன்றைக்கு யாரும் கடிப்பதில்லை," என்றார். எனக்காக அவர்கள் தங்கள் சட்டத்தை உடைத்ததைப் பார்க்கப் பார்க்க முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சுட்டு முடித்துச் சங்கக் கட்டடத்துக்குள் போனோம். சுவரில் போன வருஷத்துப் பலகை. அதைத் திருத்தி வரைந்திருந்தார். சிப்பாயின் கை இப்போது விலகி நீண்டிருந்தது. தோட்டாவைத் திருப்பிக் கொடுக்கிற கை. வாய் இறுக மூடியிருந்தது. அந்த மூடிய வாயின் மேல், என் குண்டு போட்ட ஓட்டை. ஓட்டையை அடைக்கக் கூடாது என்பது சட்டம். அன்று பலகையில் சுட்டவன் நான் ஒருவன்தான் என்பதால், வெற்றி பெற்றவன் என்று கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

"மீரான் பெயரைப் போடுங்கள்," என்று ஹெர் மெர்க்லேயிடம் கெஞ்சினேன்.

"அவர் சுடவில்லையே. சட்டம் சட்டம்தான்," என்றார்.

மேசையில் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்கும் உருளைக்கிழங்கு சாலட், மீரானுக்கு இரண்டு முட்டை கூடுதல். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பலகையையும் பெயரையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "கதையைக் கேள்விப்பட்டேன். மறுத்தவர் நீங்கள்தானா? கைகொடுங்கள்," என்று நீட்டினார்.

என் முகம் வழக்கம்போல் அசட்டுச் சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. தன்னடக்கமான வேட்டைக்காரனின் அதே சிரிப்பு. எதிரே மீரான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஆனால் உரிக்கிற விரல் நின்றுவிட்டது.

"இல்லை," என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நான் கடித்தவன். அவரையும் கடிக்கச் சொன்னவன். மறுத்தவர் அதோ, முட்டை உரிக்கிறார். அவருக்குக் கைகொடுங்கள்."

வாத்தியார் திகைத்துப்போய் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். மீரான் எழுந்து கைகொடுத்தான். உட்கார்ந்தான். முட்டையில் மிளகுத்தூள் தூவினான். ரொம்ப நேரம் தூவினான்.

அப்புறம் என்னைப் பார்த்து, தமிழில் கேட்டான்:

"ஏ, வயித்து வலி இப்ப எப்படி இருக்கு?"